ஹோர்ட்டன் சமவெளி நடைபாதை: பறவை பார்க்கப் போகிறவருக்கு எவ்வளவு தேறும்?

இலங்கையின் மலைநாட்டுக்கே உரிய பறவைகளைப் பார்க்க ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால், யோசிக்காமல் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகலாம். ஆனால் அங்குள்ள சுற்றுப்பாதையை எல்லோரும் நடக்கிற நேரத்தில், எல்லோரும் நடக்கிற வேகத்தில் நடந்தால், அந்தப் பறவைகளில் பாதியைக்கூடப் பார்க்காமல் திரும்ப வேண்டியிருக்கும். பாதையின் கவர்ச்சி முழுவதும் ‘உலக முடிவு’ என்ற பாறை விளிம்பில் இருக்கிறது. காலை 9 அல்லது 10 மணிக்குள் கீழிருந்து மூடுபனி ஏறி அந்தக் காட்சியை மறைத்துவிடும் என்பதால், 6 மணிக்கு வாசல் திறந்ததும் அத்தனை பேரும் விளிம்பை நோக்கி விரைகிறார்கள். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அதே இரண்டு மூன்று மணி நேரம்தான். உலக முடிவா, பறவையா என்பதை முந்தின இரவே முடிவு செய்துகொண்டு வண்டி ஏறுங்கள். இரண்டையும் ஒரே காலையில் பிடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். நுவரெலியா மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 முதல் 2,300 மீட்டர் வரை உயரத்தில், ஏறக்குறைய 3,160 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் இது. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ராபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர்தான் இதற்கு வந்தது. சிங்களத்தில் மகாஎலிய, அதாவது பெருவெளி. 1969இல் சரணாலயம், 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியல். நீலகிரியில் சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலம் உடனே பிடிபட்டுவிடும். மேட்டில் முடிச்சு முடிச்சாகக் குட்டை மரக்காடு, நடுவே ‘பத்தன’ என்று அழைக்கப்படும் புல்வெளி, ஈரமான பள்ளங்களில் இடுப்பளவுக் குட்டை மூங்கில், புல்வெளியில் ஆங்காங்கே தனித்து நிற்கும் சிவப்புப் பூ ரோடோடெண்ட்ரான் மரங்கள். காட்டு மரங்களின் கிளையெல்லாம் பாசியும் தாடிப்பாசியும் தொங்கும்.

முதல் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, “இவ்வளவு பெரிய வெளியில் பறவையே இல்லையே” என்பது. திறந்த புல்வெளியில் உண்மையிலேயே சில வகைகள்தான் வாழ்கின்றன. கறுப்பில் வெள்ளைத் தீற்றலோடு புல் நுனியில் உட்காரும் புதர்ச்சிட்டு, தரையில் ஓடி ஓடி நிற்கும் வயல் நெட்டைக்காலி, தாழப் பறக்கும் மலைத் தகைவிலான். இந்த மூன்றையும் வண்டி நிறுத்துமிடத்திலேயே பார்த்துவிடலாம். மற்றவை எல்லாம் காட்டின் விளிம்பில் இருக்கின்றன. பூவும் பழமும் பூச்சியும் அங்கே கூடுகின்றன, காற்றும் அங்கே தணிகிறது. ஆகவே புல்வெளியை வேகமாகக் கடந்துவிட்டு, காடு தொடங்கும் கோட்டில் நின்றுவிடுவதுதான் இந்தப் பாதையில் பறவை பார்க்கும் முறை. ஒவ்வொரு விளிம்பிலும் பத்து நிமிடம் அசையாமல் நின்றால், ஒரு கிலோமீட்டர் நடந்து கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

தேடிப் போக வேண்டியவை ஆறு. மஞ்சட்காதுச் சின்னான், மங்கல்நீல ஈபிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணி, இலங்கைக் காட்டுப்புறா, இலங்கைப் புதர்க் கதிர்க்குருவி, கடைசியாக எல்லோரும் கனவு காணும் இலங்கைச் சீகாரப் பூங்குருவி. ஆறும் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. ஆறுக்கும் மலைநாடுதான் கோட்டை.

முதல் மூன்றும் எளிது. சின்னான் பெரிய உடம்பும் தடித்த குரலுமாக, ஆளுக்குப் பயப்படாமல் பழப் புதர்களில் உட்கார்ந்திருக்கும். காதோரத்து மஞ்சள் குஞ்சத்தை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். மங்கல்நீல ஈபிடிப்பான், நீலகிரி ஈபிடிப்பானின் நெருங்கிய உறவு. சாம்பல் கலந்த நீல உடம்பு, நெற்றியில் பளிச்சென்ற நீலப் பட்டை, கண்ணுக்கு முன்னால் கறுப்பு. விளிம்பு மரத்தின் வெளிக்கிளையில் உட்கார்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பி வரும் என்பதால், ஒருமுறை பறந்து போய்விட்டாலும் இடத்தை விட்டு நகராதீர்கள். வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வரும். தாழ்நிலத்து வெள்ளைக்கண்ணியோடு குழப்பிக்கொள்வது வழக்கம். இலங்கை வகை சற்றுப் பெரியது, முதுகு இன்னும் அடர்ந்த பச்சை.

காட்டுப்புறாவுக்குக் கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டும். மர உச்சிக்கு மேலே, வேகமாக, ஒன்றோ இரண்டோ கடந்து போகும். உட்கார்ந்திருக்கும்போது கிடைத்தால் பின்கழுத்தைப் பாருங்கள்: சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையும். நீலகிரிக் காட்டுப்புறாவுக்கும் அதே கட்டங்கள் உண்டு. பழம் பழுக்கும் இடத்தை நாடி மலை ஏறி இறங்கும் பறவை என்பதால், ஒரு வாரம் கண்ட இடத்தில் அடுத்த வாரம் இருக்காது. இதற்காக மட்டும் காத்து நேரத்தை வீணாக்காதீர்கள். நுவரெலியாவிலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் ஹக்கல தாவரவியல் பூங்காவின் பெரிய மரங்களில் அது கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு; சாவகாசமாக, தட்டையான பாதையில் நின்று பார்க்கலாம்.

புதர்க் கதிர்க்குருவி பொறுமையைச் சோதிக்கும். கணுக்கால் உயரத்தில், மூங்கில் தூருக்குள், எலிபோல நகரும் கரும்பழுப்புக் குருவி. வெடுக்கென்று ஒரு ஒற்றைக் குரல் கேட்கும், தண்டு அசையும், அவ்வளவுதான். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டே தேடினால் கிடைக்காது. வெறுங்கண்ணால் தண்டு அசைவதைப் பின்தொடர்ந்து, புதரில் ஒரு கை அகல இடைவெளி இருக்கும் இடத்தை முன்கூட்டியே குறிவைத்து, அங்கே குவியம் சரிசெய்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்கும் ஒரு நொடியில் ஆணின் சிவப்புக் கண் தெரியும். நடக்கும்போது சரசரக்கும் மழை அங்கி இந்தப் பறவைக்கு ஆகாது. துணி போன்ற மேற்பரப்புள்ள அங்கியைத் தேர்ந்தெடுங்கள்.

இனி பூங்குருவி. 1872இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. பாறை ஓடைகளும் அடர்ந்த நிழலும் சேர்ந்த இடத்தில்தான் வாழும். பட்டிப்பொல ஊர்ப் பக்கத்திலிருந்து, நடைபாதை தொடங்கும் ஃபார் இன்னுக்குப் போகும் சாலையோரத்தில், காட்டுக்குள் ஒதுங்கிய சிறிய குட்டை ஒன்று இருக்கிறது. பறவையின் பழைய அறிவியல் பெயரை வைத்து ‘அரெங்கா குளம்’ என்று பறவை பார்ப்பவர்கள் அழைக்கிறார்கள். வழிகாட்டிகளுக்கும் பழகிய ஓட்டுநர்களுக்கும் தெரியும். இந்தப் பறவைக்காகவே வருகிறவர்கள் நடைபாதைக்குப் போகும் முன் இங்கே நிற்க வேண்டும். நிற்கும் முறையும் முக்கியம். வண்டி எஞ்சினையும் விளக்கையும் அணைத்துவிடுங்கள், கதவைச் சாத்தும் சத்தம் வேண்டாம், மூன்று நான்கு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஓரத்தில் நிற்க வேண்டாம். வெளிச்சம் சாம்பல் நிறமாக இருக்கும்போதே அது வரும். பச்சை நன்றாகத் தெரியத் தொடங்கினால் காட்டுக்குள் போய்விடும். முதலில் காதில் விழுவது ஊசிபோல் மெல்லிய, மிக உயர்ந்த ஒரு நீட்டல் விசில். வயதானவர்களுக்கு அந்த உயரம் கேட்காமலே போகலாம். கூட்டத்தில் இளையவரின் காதை நம்புங்கள். ஆண் பறவை கறுப்பாகத் தோன்றும், திரும்பும்போதுதான் தோளில் அந்த நீலத் திட்டு பளிச்சிடும்.

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. அரையிருட்டில் தரையில் தத்தும் கரும் பறவையைக் கண்டதும் பூங்குருவி என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மலைநாட்டில் சாதாரணமாகக் காணும் இந்தியக் கரும்பூங்குருவியும் கறுப்புதான், அதுவும் தரையில்தான் மேயும். அலகைப் பாருங்கள். ஆரஞ்சு அலகும் கண்ணைச் சுற்றி ஆரஞ்சு வளையமும் இருந்தால் அது கரும்பூங்குருவி. சீகாரப் பூங்குருவியின் அலகும் காலும் கறுப்பு. அலகு தெரியவில்லை என்றால் குறிக்காதீர்கள்.

கைப்பேசியில் பதிவுக் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். எண்ணிக்கையில் குறைந்த ஒரு பறவை, தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று எண்ணி, இரை தேடும் அந்தச் சிறிய நேரத்தையும் விட்டுவிட்டு வருகிறது. நாள்தோறும் ஒரே குட்டையில் இப்படி நடந்தால் அந்தப் பறவை இடத்தையே விட்டுப் போகும். ஒளிவீச்சியும் (ஃபிளாஷ்) வேண்டாம். கேமரா வைத்திருப்பவர்கள் 400 மி.மீ. லென்ஸில் 1/125 வேகம், ஐஎஸ்ஓ 6400 என்று தொடங்குங்கள். கரும் பறவை என்பதால் கேமரா தானாகவே படத்தை வெளிறச் செய்யப் பார்க்கும். வெளிச்சத் திருத்தத்தை முக்கால் படி குறைத்து வைத்தால் நீலமும் தங்கும், வேகமும் கொஞ்சம் கூடும். வண்டிச் சன்னலில் ஒரு துணிப்பை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்ப்பது முக்காலியைவிட நல்லது.

அங்கே முக்கால் மணி நேரம் கொடுத்துவிட்டு ஃபார் இன்னுக்கு வாருங்கள். பழைய வேட்டை விடுதி இது, இப்போது பார்வையாளர் மையம். கழிப்பறை இங்கே உண்டு. பாதையில் உள்ளே எங்கும் இல்லை. இங்கே மரைகள் (தமிழகத்தார் கடமான் என்பார்கள்) வண்டிகளுக்கு நடுவே நின்று கையேந்துவதுபோல் தலை நீட்டும். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். உணவு வாசம் ஏறிய பொலித்தீனையும் அவை விழுங்கிவிடுகின்றன.

சுற்றுப்பாதையின் கணக்கு இது: ஃபார் இன்னிலிருந்து உலக முடிவு 4 கி.மீ., அங்கிருந்து பேக்கர் அருவி 2 கி.மீ., அருவியிலிருந்து திரும்ப 3.5 கி.மீ. சும்மா நடந்தால் மூன்று மணி நேரம். பறவை பார்த்து நடந்தால் ஐந்து. புறப்பட்ட சற்று தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். கூட்டம் உலக முடிவுப் பக்கம் திரும்பும். பறவைக்காக வந்தவர்கள், வாசலில் எதிர்ப்புச் சொல்லாவிட்டால், பேக்கர் அருவிப் பக்கம் திரும்புவதே மேல். முதல் இரண்டு மணி நேரம் பாதை ஏறக்குறைய உங்களுக்கே சொந்தம். எதிரே வரும் கூட்டத்தைச் சந்திக்கும்போது பறவைகள் அடங்கும் நேரமும் வந்திருக்கும். விலை என்னவென்றால், உலக முடிவை அடையும்போது அது வெள்ளைத் திரையாக இருக்கலாம். ஏறக்குறைய 870 மீட்டர் செங்குத்துப் பள்ளத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் இந்தத் திசையை எடுக்க வேண்டாம்.

பேக்கர் அருவிக்குப் போகும் வழியில் ஓடைப் பாறைகளைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் வலசை வரும் மஞ்சள் வயிற்று வாலாட்டி அங்கே வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அருவிக்கு இறங்கும் படிகள் செங்குத்து, வேர்களும் ஈரமும் கலந்தவை. இந்தப் பாதையில் கால் மடிவது பெரும்பாலும் இங்கேதான். அருவியின் இரைச்சலில் எந்தக் குரலும் கேட்காது, எனவே படம் எடுத்துவிட்டு நகருங்கள். அதற்குப் பிறகு வரும் காட்டுத் துண்டுகள்தான் பாதையின் மிகச் சிறந்த பகுதி. இங்கே கலப்புக் கூட்டங்கள் வரும். முதலில் சாம்பல்தலை ஈபிடிப்பானின் குரல் கேட்கும்; அது கேட்டவுடன் நின்றுவிடுங்கள். பின்னாலேயே வெள்ளைக்கண்ணிகள், சாம்பல் பட்டாணிக் குருவி, அடிமரத்தில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பான், கீழ்ப்புதரில் வளைந்த மஞ்சள் அலகோடு இலங்கை அரிவாள்மூக்கன் சிலம்பன் என்று வரிசையாகக் கடக்கும். முழுக் கூட்டமும் தாண்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது. கூட்டத்தைப் பின்தொடர்ந்து பாதையை விட்டு இறங்கக் கூடாது, இறங்கத் தேவையும் இல்லை. சிறிது நேரத்தில் வேறொன்று வரும். இலங்கைக் காட்டுக்கோழிச் சேவல் பாதையிலேயே நடந்து வரும். சிவப்புக் கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள், தமிழகக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிக்கு அது கிடையாது.

உலக முடிவிலும், அதே பாதையில் உள்ள இன்னொரு விளிம்பான சிறிய உலக முடிவிலும் பறவை பார்ப்பவர்கள் மேலே பார்க்காமல் கீழே பார்க்க வேண்டும். வெயில் ஏறியதும் பாறைச் சுவரை ஒட்டிக் காற்று மேலெழும். உழவாரன்களும் கழுகுகளும் அந்தக் காற்றில் உங்கள் காலுக்குக் கீழே மிதக்கும். கழுகின் முதுகுப்புறத்தைப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்! விளிம்பில் கண்ணில் தொலைநோக்கியை வைத்தபடி ஓர் அடிகூட நகராதீர்கள்.

புல்வெளியில் ஆங்காங்கே மஞ்சள் பூவோடு முள் புதர் ஒன்று கண்ணில் படும். இங்கிலாந்தின் மேட்டுநிலங்களில் இயல்பாக வளரும் ‘கோர்ஸ்’ செடி அது. பிரித்தானியர் காலத்தில் வந்து, இப்போது சொந்தப் புல்லை நெருக்கிக்கொண்டிருக்கிறது. படத்துக்கு அழகாக இருக்கிறது என்று கிளை ஒடித்து விதையைக் காலணியிலும் பையிலும் எடுத்துப் போய் வேறு இடத்தில் உதிர்த்துவிடாதீர்கள்.

கருவி விஷயத்தில் 8x42 தொலைநோக்கிதான் இந்த இடத்துக்குப் பொருத்தம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மி.மீ. கணக்கில். 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5.25 மி.மீ., 8x32இல் அது 4, 10x42இல் 4.2. விடியற்காலைக் காட்டின் இருட்டில் இந்த வித்தியாசம்தான் அலகின் நிறத்தைக் காட்டிக்கொடுக்கும். 10 மடங்கு என்றால் புல்வெளிக் காற்றில் கை நடுக்கமும் கூடிவிடும். குளிரில் பலருக்கும் கண்ணாடி மங்கும். காரணம் இரண்டு. சில்லிட்ட கருவியை ஆட்கள் நிறைந்த வேனுக்குள் கொண்டுவந்தால் உள்ளிருக்கும் ஈரமூச்சு அதன்மேல் படியும். கண்ணில் வைத்தபடி வாயால் மூச்சு விட்டாலும் படியும். வண்டிக்குள் ஏறும் முன் பையில் போட்டு இழுத்து மூடுங்கள், பார்க்கும்போது மூக்கால் கீழ்நோக்கி மூச்சு விடுங்கள். சட்டைத் துணியால் துடைப்பது பூச்சைக் கீறும். சுத்தமான மென்துணி இரண்டு வேண்டும், ஒன்று நனைந்துவிடும்.

ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும். கையுறையும் காதுமூடும் குல்லாவும் கட்டாயம். ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறும், இந்த உயரத்தில் குளிரிலேயே தோல் கருகும். ஆகவே ஒரே தடித்த கோட்டுக்குப் பதில், கழற்றிக் கழற்றிப் பையில் வைக்கும்படி மூன்று மெல்லிய அடுக்குகள். குடை காற்றில் நிற்காது.

வாசலில் பைகளைச் சோதித்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் மேலுறையையும் உரித்துவிடுவார்கள். நல்ல வழக்கம், முழு மனதோடு பாராட்ட வேண்டியது. ஆனால் விடியலில் அந்த வரிசையில் போகும் நிமிடங்கள் பறவைக்கான நிமிடங்கள். முந்தின இரவே ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டி, தண்ணீரை எவர்சில்வர் போத்தலில் நிரப்பி வைத்தால் சோதனை நொடியில் முடியும். கட்டணம் வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. ஆள் கட்டணத்துக்கு மேல் சேவைக் கட்டணம், வண்டிக் கட்டணம், வரி என்று சேரும். இரண்டு பேர் தனியாகப் போவதைவிட நாலைந்து பேர் ஒரே வேனில் போவது தலைக்குக் கணிசமாகக் குறையும். ஒரு காலைக்கு இந்தச் செலவு தகுமா என்றால், ஆறு பறவைகளுக்காக வருகிறவருக்குத் தகும். பொதுவாக இயற்கை பார்க்க வருகிறவர் மூடுபனிக் காலத்தில் வந்தால் தகாது.

ஜனவரி முதல் மார்ச் வரை சிறந்த காலம்: மழை குறைவு, வலசைப் பறவைகளும் இருக்கும். அந்த மாதங்களில் சூரியன் 6 மணிக்குப் பிறகே உதிப்பதால், வாசல் திறந்து உள்ளே போகும்போது இருட்டு மிச்சமிருக்கும். மே, ஜூனில் 6 மணிக்கே விடிந்துவிடும். பூங்குருவிக்கு அது பெரிய இழப்பு. போதாததற்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் அப்போதுதான். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையிலும் பௌர்ணமி விடுமுறைகளிலும் நீண்ட வார இறுதிகளிலும் போகவே வேண்டாம். வாசலிலேயே காலை முடிந்துவிடும்.

நுவரெலியாவிலிருந்து அம்பேவல, பட்டிப்பொல வழியாகச் சுமார் 32 கி.மீ.; வளைவுகள் அதிகம் என்பதால் அதிகாலை நாலரைக்காவது புறப்பட வேண்டும். பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் கினிஹிரிய, மகாஎலிய தங்கும் விடுதிகள் உண்டு. முன்பதிவு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்: விடியலும் அந்தியும் இரண்டுமே உங்கள் கையில், பூங்குருவி அந்தியிலும் வெளியே வரும். ரயிலில் ஓஹியாவில் இறங்கி 11 கி.மீ. மேலேறும் வழி இன்னொன்று. விடியலுக்கு வந்து சேர முடியாது, ஆனால் அந்தச் சாலையின் இரு பக்கமும் காட்டு விளிம்புதான். கூட்டமும் இல்லை, மூடுபனி இறங்கினாலும் சின்னானும் ஈபிடிப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் வேனில் வந்து பாதையை முடித்தவர்கள், மறுநாள் மதிய ரயிலுக்கு இந்தச் சாலை வழியாகவே நடந்து இறங்கலாம். ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.